மேசையாக்கப்பட்ட கணினி

எங்கள் சான்றிதழ்த் துறையின் தலைமை அலுவலகத்தில் என்னுடையதைத் தவிர எல்லாக் கணினிகளும் புதியவை. முப்பது கிளைகளிலும் என்னுடையதைப் போன்ற பழசுதான்.

பெயர்களில் எழுத்து சிதையாமல் அச்சாக ஒரு துணை மென்பொருள் தேவைப்பட்டது. துறையின் மென்பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் மேடம் அதை எழுதி, தன் புதுக் கணினியில் கம்பைல் செய்து, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றி, அனுப்பினார். புதியவற்றில் ஓடியது. கிளைகளிலும் என்னிடமும் 'இந்த இயங்குதளம் பழைய பதிப்பு, போதாது' என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. அப்போது என் எதிரே, இறந்துபோன கணவரின் பெயரைத் திருத்த மூன்றாம் முறையாக வந்த ஓர் அம்மா நின்றிருந்தார். நாளை வரச் சொன்னேன்.

மேடம் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் விஷயம் எளிது: பழைய கணினியில் கம்பைல் செய்தால் புதியதிலும் ஓடும், புதியதில் செய்தால் பழையதில் ஓடாது. என் கணினியைக் கேட்டார்.

அன்றுதான் நவீனமயமாக்கல் உத்தரவு வந்திருந்தது. பத்து வயதான கணினிகளை உடனே அகற்ற வேண்டும். பார்வையிட வரும் மேலதிகாரிகள் தலைமை அலுவலகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால் கிளைகளுக்கு விலக்கு.

மேடம் இயக்குநரிடம் விளக்கினார்.

"பழசுல செஞ்சா எல்லாத்துலயும் ஓடும்னா, புதுசு எதுக்கும்மா வாங்கினோம்?" என்றார் இயக்குநர்.

இயக்குநர் நல்ல மனிதர். சற்று யோசித்து, "கணினியா இருந்தாத்தானே அகற்றணும்? இருப்புப் பதிவேட்டுல மேசைன்னு பதிஞ்சிடுங்க" என்றார்.

பதிந்தோம். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து, மேசைக்கு மின்சாரம் தர விதியில் இடமில்லை என்று அதன் மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போனார். மதிய இடைவேளையில் மேடம் என் மின்விசிறியின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கணினியைச் செருகினார். நான் வியர்த்துக்கொண்டு காவல் நின்றேன். இருபது நிமிடத்தில் கம்பைல் முடிந்தது.

முப்பது கிளைகளிலும் ஓடியது. அந்த அம்மா சான்றிதழை வாங்கி, கணவர் பெயரை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். மடித்துக்கொண்டு போனார்.

புதிய கணினிகளின் சாதனையைப் பாராட்டித் துறைக்கு விருது கிடைத்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: தணிக்கையில் ஒரு மேசை இயங்குதளத்துடன் இருப்பது தெரியவந்துள்ளது, ஆகவே ஊழியர்கள் அனைவரும் தத்தம் மேசை, நாற்காலிகளின் இயங்குதளப் பதிப்பை மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

படித்துவிட்டு அலுவலகமே சிரித்தது. மூன்றாம் நாள் அலுவலகமே எழுதிக் கொடுத்தது. மேடம் தன் நாற்காலி புதிய பதிப்பு என்று எழுதினார். என்னுடையது பழசு என்றுதான் எழுதினேன். எதற்கும் இருக்கட்டும் என்று, யார் வந்து உட்கார்ந்தாலும் ஒத்துப்போகும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.