மூன்று பத்துக்கு வராத முனி

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு புளியங்கேணியில் ஒரு முனி வேலைக்குச் சேர்ந்தது. வேலை ஒன்றைவிட்ட நாள் மட்டும், அதுவும் பின்னேரங்களில். ஆளைப் பிடிக்கும். கிடுகிடென்று நடுங்க வைக்கும். நாலு சாக்குப் போர்த்தினாலும் குளிர் அடங்காது. பிறகு உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டி, ஆளை நனைந்த துணிபோலப் போட்டுவிட்டுப் போய்விடும். மறுநாள் ஓய்வு. அதற்கு அடுத்த நாள் அதே நேரத்துக்கு வந்து நிற்கும். எந்தக் கந்தோரிலும் அப்படி நேரம் தவறாத உத்தியோகத்தரை அந்தக் காலத்தில் காண முடியாது.

ஊரில் வயதானவர்களுக்கு இதன் பழைய பெயர் தெரியும். குலைப்பன் காய்ச்சல். ஆனால் குலைப்பன் என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய் மலேரியாவுக்கு மருந்து எடுக்க வேண்டும். முனி என்று சொன்னால் மணிக்கூட்டுச் சாமியிடம் போகலாம். ஊர் முனியைத் தெரிவு செய்தது.

மணிக்கூட்டுச் சாமியின் வீட்டுப் பெயர் கனகரத்தினம். முன்பு ஒரு பஸ் நிலையத்தில் பஸ் வருகிற நேரம், போகிற நேரம் எழுதுகிற வேலை. சண்டை வந்தது, பஸ் நின்றது. எழுத நேரம் இருந்தது, பஸ் இல்லை. மனிதர் என்ன செய்வார்? பஸ்ஸுக்குப் பதிலாக முனிக்கு நேரம் குறிக்கத் தொடங்கினார்.

கொடிகாமத்துக்குப் போகிற ஒழுங்கையில் அவருடைய கொட்டில். சனிக்கிழமைகளில் சைக்கிள் நிறுத்த இடம் இல்லை. மிருசுவில், சாவகச்சேரி, நெல்லியடி என்று சனம் வந்து குவியும். சாமி சிவப்புச் சால்வையோடு வாங்கில் அமர்ந்திருப்பார். கையில் சங்கிலி போட்ட பழைய மணிக்கூடு. நோயாளியைப் பார்த்து அன்பாய்க் கேட்பார்:

"கடைசியாய் எப்ப பிடிச்சது?"

"நேற்று, சாமி. மூண்டு மணியளவிலை."

சாமி கண்ணை மூடுவார். மணிக்கூட்டைக் காதில் வைப்பார். முனி அதற்குள் இருந்து ஏதோ சொல்வதுபோலத் தலையாட்டுவார். "நாளைக்கு மூண்டு மணிக்கு வரும்!"

வரும். மூன்று மணிக்கு வரும். சனம் வாயைப் பிளக்கும். நேற்று வந்தது ஒன்றைவிட்டு நாளை வரும் என்பதை நாலாம் வகுப்புப் பிள்ளை விரல்விட்டுச் சொல்லும். ஆனால் பிள்ளையிடம் சிவப்புச் சால்வை இல்லையே!

பரிகாரம் விபூதி. தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பயங்கரக் கசப்பு. "கசக்கிறது விபூதியில்லை. முனியின்ரை பித்தம் வெளியாலை வருகுது," என்பார் சாமி. காணிக்கை? காசைச் சாமி கையாலும் தொடமாட்டார். முனிதான் சில சாமான்கள் கேட்கும். அரைப் போத்தல் மண்ணெண்ணெய், ஒரு சவர்க்காரக் கட்டி, இரண்டு ரோச் பற்றரி. சண்டையைச் சாட்டி அரசாங்கம் குடாநாட்டுக்குள் வரவிடாமல் தடுத்து வைத்திருந்த சாமான்களின் பட்டியலை அந்த முனி பாடமாக்கி வைத்திருந்தது. ஒரு முனிக்குச் சவர்க்காரம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. குளிக்குமாக்கும்.

சாமிக்கு ஒரேயொரு எதிரி. கொடிகாமத்து மலேரியாக் கிளினிக்கில் வேலை செய்த சிசிலியா. குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவள். நாற்பது வயது, கட்டைக் குரல், சங்கிலி கழலுகிற சைக்கிள். காய்ச்சல்காரரின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று சொல்வது அவள் வேலை. குத்தின உடனேயே நாலு மலேரியாக் குளிசை கையில் கொடுப்பாள். கிருமி இருந்தால் மிச்சமும் தந்து முழுப் பத்தும் முடிக்க வைப்பாள். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது பேர். முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்காது. விரல்கள் நிற்கும்.

ஆனால் புளியங்கேணியில் ஒரு விரலும் அகப்படவில்லை. "விரலிலை குத்தினால் அந்த ஓட்டையாலை முனி உள்ளுக்குப் போயிடும்" என்று சாமி சொல்லிவிட்டார். சிசிலியா வருவதைக் கண்டதும் படலைகள் சாத்தப்பட்டன. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்து விட்டார்கள். நாயும் விரலைத் தரவில்லை.

அன்று சனிக்கிழமை. திறந்திருந்த ஒரே படலை தோட்டக்காரர் முருகேசுவுடையது. அவருடைய மகள் குணலட்சுமி கிணற்றடியில் குந்தியிருந்து குமட்டிச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. வவுனியாவில் அகப்பட்ட புருசன், சண்டையால் மூடின பாதை திறக்கும் என்று அங்கே காத்திருந்தான். முகம் வெளிறி, நகம் வெள்ளையாகி, அவளுக்குக் கையில் இரத்தமே இல்லை.

சிசிலியா பக்கத்தில் குந்தினாள். "எத்தினை நாளாய்ப் பிள்ளை?"

"ஒண்டரை மாதம், மிஸ். சாமியின்ரை விபூதி குடிச்சால் பத்து நாள் விடும். திரும்ப வரும். திரும்ப விபூதி. மூண்டு தரம் குடிச்சிட்டன்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாமி சொல்லுறதுக்கு முதலே எனக்கு நேரம் தெரியும் மிஸ். கலண்டரிலை கோடு போட்டு வைச்சிருக்கிறன். நேற்று வந்தது. இனி நாளைக்கு. பிறகு செவ்வாய், வியாழன். அடுத்த சனிக்கிழமை மூண்டு பத்துக்கும் வரும். அண்டைக்குச் சனத்துக்கு முன்னாலை முனியைப் பிடிச்சு அடைக்கப்போறன் எண்டு சாமி சொல்லியிருக்கிறார்."

"உமக்குத்தான் எல்லாம் விளங்குதே. பிறகேன் சாமி?"

"எனக்கில்லை மிஸ். ஐயாவுக்கு. நான் போகாட்டி அவர் சாப்பிடமாட்டார்."

சிசிலியா பையைத் திறந்து ஊசியை எடுத்தாள். பிறகு சொன்னாள்: "நான் பயப்படுத்தச் சொல்லேல்லை. ஆனால் உந்தக் காய்ச்சல் உம்மடை இரத்தத்தைத்தான் தின்னுது. வயித்திலை இருக்கிற பிள்ளைக்கும் அதிலைதான் சாப்பாடு. விரலைத் தாரும். முனி வந்தால் என்னைக் கேளும்."

குணலட்சுமி விரலை நீட்டினாள். குத்தும்போது கண்ணை மூடினாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, "உள்ளுக்குப் போட்டுதோ முனி?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒன்றரை மாதத்தில் அவள் சிரித்தது அன்றுதான்.

அன்று பின்னேரமே சிசிலியா கண்ணாடித் துண்டை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். கிருமி தாராளமாய் இருந்தது. சனி நாலு குளிசை, ஞாயிறு நாலு, திங்கள் இரண்டு. மூன்று நாளும், முருகேசு தோட்டத்தில் நின்ற நேரமாய், தானே வந்து, கஞ்சி குடிக்க வைத்து, கண்ணுக்கு முன்னால் விழுங்க வைத்தாள். குணலட்சுமி முகத்தைச் சுழித்தாள்.

"இது சாமியின்ரை விபூதிக் கசப்பெல்லோ மிஸ்!"

சிசிலியா அவளை உற்றுப் பார்த்தாள். திங்கள் பின்னேரம் நேரே, கூப்பனுக்குச் சாமான் கொடுக்கிற சங்கக்கடைக்குப் போனாள். மனேச்சர் இராசநாயகம் எந்தப் பக்கமும் சாயாத மனிதர். நிறுக்கும்போது தராசைத் தொடமாட்டார். அவர் கையில் ஒட்டிய கடித உறை ஒன்றைக் கொடுத்தாள்.

"மனேச்சர், இதிலை இண்டைக்குத் திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கோ. சனிக்கிழமை நான் கேட்டால் சனத்துக்கு முன்னாலை உடையுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை குணலட்சுமிக்கு இலேசாய் ஒரு நடுக்கம் வந்து போனது. செவ்வாய்க்கிழமை மூன்று பத்துக்கு அவள் மாமரத்தின் கீழ் இருந்து முருங்கைக்கீரை உருவினாள். முனி வரவில்லை. வியாழனும் வரவில்லை. முருகேசு ஓடிப்போய்ச் சாமியிடம் கேட்டார். சாமி மணிக்கூட்டைக் காதில் வைத்தார். "வந்தது. புளியமரத்திலை இருந்தது. பிள்ளையின்ரை கண்ணுக்குத் தெரியேல்லை. சனிக்கிழமை கட்டாயம் மேலிலை ஏறும். ரண்டு சவர்க்காரமாய்க் கொண்டு வா."

சனிக்கிழமை வந்தது. கொட்டில் முன்னால் இருநூறு பேர். கச்சான் கடலை விற்கிறவள்கூட வந்துவிட்டாள். நடுவில் பாயில் குணலட்சுமி. பக்கத்தில் கைகூப்பி முருகேசு. சாமியின் மச்சான் கதிரவேலு விபூதித் தட்டை ஏந்தி நின்றான். முனியை அடைப்பதற்கு ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலும் தயாராய் இருந்தது.

மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. சாமி உடுக்கை எடுத்தார். மூன்று மணி. மூன்று ஐந்து. மூன்று பத்து!

"வருகுது! வருகுது! நடுங்கு பிள்ளை!"

குணலட்சுமி நடுங்கவில்லை. கச்சான் இருந்தால் தரச் சொல்லிக் கச்சான்காரியைப் பார்த்தாள்.

மூன்றரை. சாமிக்கு வேர்த்தது. நாலு மணி. சனத்துக்குள் ஒருவன், "சாமி, முனிக்கும் பஸ் இல்லையாக்கும்!" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. சாமி சட்டென்று எழும்பினார். கள்ளனுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? போத்தலை மூடியால் இறுக்கி உயரத் தூக்கினார்.

"ஓடிட்டுது! என்ரை உடுக்கைச் சத்தத்துக்கு ஓடிட்டுது! பிள்ளை சுகம்!"

அவ்வளவுதான். "அரோகரா!" என்று இருநூறு குரல். முருகேசு நிலத்தில் விழுந்து கும்பிட்டார். வந்தாலும் சாமிக்கு வெற்றி, வராவிட்டாலும் சாமிக்கு வெற்றி.

அப்போதுதான் சிசிலியா முன்னுக்கு வந்தாள். "மனேச்சர், கடிதத்தை உடையுங்கோ."

இராசநாயகம் கண்ணாடியைப் போட்டு, திகதியைக் காட்டி, உறையைக் கிழித்து, கூப்பன் வாசிக்கிற குரலில் வாசித்தார்: "திங்கட்கிழமை எழுதுகிறேன். குணலட்சுமி பத்துக் குளிசையும் குடித்து முடித்துவிட்டாள். செவ்வாய் வராது. வியாழன் வராது. சனிக்கிழமை மூன்று பத்துக்கும் வராது. சாமி வரும் என்று சொல்வார். வராவிட்டால் தான்தான் துரத்தியதாகச் சொல்வார். சிசிலியா."

சனம் சாமியின் பக்கம் திரும்பியது.

"வேதக்காரப் பொம்பிளைக்கு முனியைப் பற்றி என்ன தெரியும்?" என்று சாமி சீறினார்.

"எங்கடை பக்கத்திலையும் பேயோட்டுறவை இருக்கினம் சாமி. அவையின்ரை பேய்க்கும் மண்ணெண்ணெயிலைதான் விருப்பம்." சிசிலியா தட்டில் இருந்து ஒரு சிட்டிகை விபூதியை எடுத்து நாக்கில் வைத்தாள். "அண்ணைமார், ஆஸ்பத்திரிக் குளிசை குடிச்ச ஆர் இருக்கிறியள்? வந்து நக்கிப் பாருங்கோ."

மிருசுவில்காரர் ஒருவர் வந்து நக்கினார். முகம் கோணியது. "ஐயையோ, இது மலேரியாக் குளிசை! இடிச்சுக் கலந்திருக்கு!"

"ஓம். ஒரு ஆளுக்குப் பத்துக் குளிசை. சாமி ஒண்டை இடிச்சு நாலு பேருக்குக் குடுக்கிறார். காய்ச்சல் கொஞ்ச நாள் பதுங்கும். கிருமி சாகாது. நுளம்பு அதைக் குடிச்சுக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டிலை கக்கும். அவையும் சவர்க்காரத்தோடை வருவினம்."

"பொய்! எனக்குக் குளிசை எங்காலை?"

சிசிலியா விபூதித் தட்டின் பக்கம் திரும்பினாள். தட்டைப் பிடித்திருந்த விரல்களை அவள் அரைமணி நேரமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது மோதிரவிரல் நகம் வளைந்த விரல்கள். கொடிகாமத்தில் செவ்வாய்க்கிழமை தங்கராசா என்று பெயர் சொன்ன விரல். நெல்லியடிக்கு அவள் பதில் வேலைக்குப் போன அன்று செல்லத்துரை என்று சொன்ன அதே விரல். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் என்று முனகி நாலு குளிசை வாங்கிப்போன விரல். இரத்தத்தில் ஒருநாளும் கிருமி இருந்ததில்லை.

"தம்பி, உம்மடை கையை விரிச்சுச் சனத்துக்குக் காட்டும்."

கதிரவேலு சாமியைப் பார்த்தான். சாமி மணிக்கூட்டைப் பார்த்தார். கதிரவேலு தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை விரித்தான். பத்து விரலும் தோசைபோல ஓட்டை ஓட்டையாய் இருந்தன.

"நான் என்ன செய்ய!" அவன் அழாக்குறையாய்க் கத்தினான். "சனத்துக்கு விரலிலை குத்தக்கூடாது எண்டு சொல்லிப்போட்டு, அத்தான் என்னைக் கிழமைக்கு நாலு கிளினிக்குக்கு அனுப்புறார்! சோறு பிசைஞ்சு தின்னேலாமல் கிடக்கு!"

முதலில் சிரித்தவள் குணலட்சுமி. பிறகு கச்சான்காரி. பிறகு இருநூறு பேரும். முருகேசு மட்டும் சிரிக்கவில்லை. நேரே போய்த் தன் இரண்டு சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். அதைக் கண்டதும் எல்லாருக்கும் தங்கள் தங்கள் சவர்க்காரம் நினைவுக்கு வந்தது. கொட்டிலின் பின்னால் ஒரு பால்மாத் தகரத்துக்குள் நூற்றுக்கு மேல் குளிசை இருந்தது. அடிக்க ஓங்கின கைகளைச் சிசிலியா தடுத்தாள். "அடிச்சு என்ன? குத்தக் குடுங்கோ கையை!" சாமி வாழைத் தோட்டத்துக்குள்ளால் போய்விட்டார். சால்வை வேலியில் தொங்கியது.

ஞாயிற்றுக்கிழமை சிசிலியா நுணுக்குக்காட்டியை வாசிகசாலைக்குக் கொண்டுவந்தாள். அறுபத்துநாலு விரல்கள். கதிரவேலுவும் வரிசையில் நின்று முதல் தடவையாகத் தன் சொந்தப் பெயரைச் சொன்னான். இருபத்துமூன்று பேருக்குக் கிருமி. இருபத்துமூன்று பேரும் குளிசையை முழுதாய்க் குடித்து முடித்தார்கள். வாலிபர்கள் பாழ்ங்கிணறுகளில் மீன்குஞ்சு விட்டார்கள். பங்கர் குழிகளில் நின்ற மழைத் தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றினார்கள். ஆனியில் குணலட்சுமிக்கு ஆண்குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று இல்லை, ஆனால் கூரை அதிர அழுதது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் முருகேசுவும் நுணுக்குக்காட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முதலில் பார்க்க வேண்டிய கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்டும் தெரியேல்லை" என்றார். மகள் மற்றக் கண்ணை மூடச் சொன்னாள். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மிஸ், உந்த ஊதாப் புள்ளியோ? உதோ என்ரை பிள்ளையை அந்தப் பாடு படுத்தினது? உவ்வளவு சின்னனோ?"

"ஓம் அண்ணை, சின்னன்தான்," என்றாள் சிசிலியா. "நாங்கள் யோசியாமல் விட்ட இடத்திலைதான் அது முனியாய் வளர்ந்தது."