தட்டுப் பாவாடைக்கு வைத்த மஞ்சள்

வெஸ்ட் வின்ட்சர்,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள ருக்மிணி சித்திக்கு,

மதுரா எழுதுவது. அக்கா, மாமா, அவர்கள் மகள் விஷாகா, நான் நால்வரும் உடம்பளவில் நலம். மனசளவில் நலமாக இன்னும் இரண்டு நாளாகும். உங்கள் முழங்கால் வலியும் சித்தப்பாவின் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் மேலே படியுங்கள். இல்லாவிட்டால் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

விஷாகாவின் பாலே வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி அனுப்பியிருந்தீர்கள். குழந்தை ஏன் ஒரு பக்கமாகவே திரும்பி ஆடுகிறாள், மாமா முகம் ஏன் பேயறைந்த மாதிரி இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் நீங்கள் அழுவீர்கள், இல்லை நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பாவாடை. போன வாரம் வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, "இடுப்புல தாம்பாளம் மாட்டின மாதிரி இருக்கே, மீதித் துணி எங்கடி?" என்று கேட்டீர்கள். உங்களுக்குப் பதில் சொல்வதற்காகவே நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்துப் படித்தேன். மீதித் துணி இருந்தது சித்தி. ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன்னால் டூட்டூ என்கிற இந்தப் பாவாடை கெண்டைக்கால் வரை தொங்கியது, மெல்லிய வெள்ளைத் துணியில், கவிழ்த்த மணி மாதிரி. பிறகு கால் வேலை கடினமாகிக்கொண்டே போக, அவ்வளவு பாடுபட்டு ஆடுவது துணிக்குள் ஒளிந்திருப்பானேன் என்று முழங்காலுக்கு ஏறியது. அப்புறம் இன்னும் ஏறி, விறைத்து, உள்ளே கம்பி வளையம் வைத்துப் படுக்கையாகவே நின்றுவிட்டது. கம்பியில்லாமல் பஞ்சுபோலத் தொங்கும் ஒரு வகையும் பின்னால் வந்தது. விஷாகாவுடையது கம்பி வகை. இன்னொன்றும் படித்தேன். அந்தக் காலத்து மேடைகளில் எரிவாயு விளக்கு. பாவாடை அதில் பட்டுத் தீப்பிடித்துச் செத்துப்போன பெண்கள் உண்டு. தீப்பிடிக்காத மருந்தில் துணியை நனைக்கச் சொன்னார்களாம். நனைத்தால் பழுப்பேறுகிறது, மொடமொடவென்று ஆகிறது என்று பெண்கள் மறுத்துவிட்டார்களாம். இதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

இன்றும் நாளையும் மேடையேறும், எட்டுப் பெண்கள் ஆடும் நடனத்தில் நம் விஷாகாவுக்கு நடு இடம். அதற்காக அவள் ஒரு வருடமாகப் பிறந்தநாள் விழாக்களுக்குக்கூடப் போகவில்லை. பாவாடை அவளுடையது இல்லை, பள்ளிக்கூடத்தினுடையது. ஆசிரியை மிஸ் லொரெய்ன் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: தண்ணீர் படக்கூடாது, தலைகீழாகத்தான் வைக்க வேண்டும், எட்டும் ஒரே வெள்ளையாக இருக்க வேண்டும், எவளுடையது வெள்ளையாக இல்லையோ அவள் இடத்தில் இன்னொருத்தி ஆடுவாள். அந்த இன்னொருத்தி ஒத்திகை முழுவதும் ஓரத்தில் காலை நீட்டி மடக்கிக்கொண்டு தயாராகவே இருந்தாள்.

இந்த நிலையில்தான் இன்று காலை நீங்கள் கூப்பிட்டு, "புதுசா உடுத்தறா, ஓரத்துல லேசா மஞ்சள் வைடி" என்று அக்காவிடம் சொன்னது. அக்காவும் லேசாகத்தான் வைத்தாள். ஆனால் அது வலைத்துணி சித்தி, பத்து அடுக்கு. முதல் அடுக்கில் வைத்தது ஒவ்வொரு அடுக்காக உள்ளே இறங்கி, ஒரு ரூபாய் அகலத்துக்குப் பரவிவிட்டது. அக்கா பதறிப்போய், நான் குளித்துவிட்டு வருவதற்குள், சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. நான் வந்தபோது வெள்ளைப் பாவாடையில் ரத்தச் சிவப்பாக ஒரு திட்டு. விஷாகா அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஷூ ரிப்பனைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

இந்த உடைகளைத் துவைக்காமல் வோட்கா தெளித்துத்தான் சுத்தம் செய்வார்கள் என்று அந்த நூலகப் புத்தகம் ஒன்றில் இருந்தது நினைவு வந்தது. சொன்னேன். மாமா என்னையே பார்த்தார். கம்பெனி பார்ட்டியில் ஆரஞ்சு ஜூஸையே மோந்து பார்த்துக் குடிப்பவர். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினார். மதுக்கடை வாசலில் கோவில் கமிட்டி குமாரசாமி அங்கிள் நின்றிருந்தாராம். "பாப்பா பாவாடைக்கு அங்கிள்" என்று மாமா சொன்னதற்கு அவர், "எல்லாரும் ஏதோ ஒண்ணுக்குத்தாம்ப்பா வாங்கறோம்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாராம்.

தெளித்தோம், ஒற்றினோம், மறுபடி தெளித்தோம். சிவப்பு போய், மஞ்சளும் போய், சந்தன நிறத்தில் ஒரு நிழல் மட்டும் நின்றது. அளவு சரியாக இருக்கிறதா என்று விஷாகாவுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நான் என் பையை எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் அக்கா கையில் தட்டு, தட்டில் கற்பூரம். "கண்ணு பட்டிருக்கு, அதான் இவ்வளவும். ஒரு சுத்து சுத்திட்டுக் கிளம்பலாம்" என்று தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள். குழந்தை இடுப்பைச் சுற்றி வோட்காவில் ஊறிய பத்து அடுக்கு வலை. இந்த வீட்டில் நான் குரல் உயர்த்தியதே இல்லை. இன்று என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. தட்டு சிங்க்கில் கிடந்தது, தீக்குச்சி என் உள்ளங்கையில் அணைந்திருந்தது. "நான் தீப்பிடிப்பேனா சித்தி?" என்று விஷாகா என்னைப் பார்த்து இங்கிலீஷில் கேட்டாள். இப்போது மாட்டாய் என்றேன்.

காரில் பின் சீட்டு முழுவதும் பாவாடை தலைகீழாக. இரு ஓரத்திலும் நானும் விஷாகாவும். காய வேண்டுமென்று நான்கு ஜன்னலும் திறந்திருந்தன. மாமா வேகமாக ஓட்டினார். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் போலீஸ் நிறுத்தியது. அந்த அதிகாரி குனிந்தார், மூச்சை இழுத்தார், குடித்திருக்கிறீர்களா என்றார். மாமா சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நான் குடிக்கல சார். பாவாடைதான் குடிச்சிருக்கு." அதிகாரி பின் சீட்டை எட்டிப் பார்த்தார். ஊதச் சொன்னார். மாமா ஊதியதில் ஒன்றும் இல்லை. மெதுவாகப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். வீடியோவில் நீங்கள் பார்த்தது அந்த முகம்.

கறை வலது பக்கம். மிஸ் லொரெய்ன் நின்றதும் வலது பக்கம். யாரும் சொல்லித்தராமல் விஷாகா முழுநேரமும் இடது பக்கத்தையே அவருக்குக் காட்டி ஆடினாள். முடிந்ததும் அவர் வந்து கறையை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்து, "நாளைக்கும் நீதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். காருக்கு வந்த பிறகுதான் விஷாகா அழுதாள்.

ஆகவே சித்தி, இனி இந்த வீட்டுத் துணி எதற்கும் மஞ்சள், கற்பூரம் எதுவும் சொல்லி அனுப்பாதீர்கள். சித்தப்பாவுக்கு நமஸ்காரம். உங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு வேண்டும், வாய்வழியாக மட்டும்.

அன்புடன்,
மதுரா

பி.கு.: ஞாயிறு காலை. கடிதத்தை மூடுவதற்குள் மிஸ் லொரெய்ன் போன். விஷாகா நேற்றே தோழிகளிடம், தன்னை மேடையில் விழாமல் காப்பாற்றியது அந்த மஞ்சள் பொட்டுதான் என்று சொல்லிவிட்டாளாம். இன்று ஒத்திகைக்குப் போனவள் நம் வீட்டு மஞ்சள் டப்பாவையும் கொண்டுபோயிருக்கிறாள். மற்ற ஏழு பாவாடையிலும் பொட்டு. அவற்றில் மூன்றுக்கு அம்மாக்கள் சோப்புப் போட்டாகிவிட்டது. ஆனால் ஒத்திகையில் ஒருத்திகூடக் கால் தவறவில்லையாம். அதனால் மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். யாராவது வந்தால் நல்ல மஞ்சளாகக் கொஞ்சம் கொடுத்து அனுப்புங்கள், எங்கள் டப்பா காலி. மாமா மறுபடியும் அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். இந்த முறை தொப்பி போடவில்லை, தள்ளுவண்டி எடுத்துக்கொண்டாராம்.