திரைக்குக் கீழே காணப்பட்ட கால்கள் சம்பந்தமான விசாரணை

நோன்பு மாதத்தில் ஒரு கோப்பிக் கடையின் திரை நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்பது மனித குலம் நெடுங்காலமாகக் கவனியாது விட்டிருந்த ஒரு விடயம். அதைக் கவனத்துக்கு எடுத்த பெருமை எங்கள் ஊர்ச் சபைக்கே உரியது. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில், கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் என்றால் போதும். பெயரைச் சொன்னால் பக்கத்து ஊரவர்கள் சந்தோஷப்படுவார்கள். அதை எங்கள் ஊரில் யாரும் விரும்புவதில்லை.

எங்கள் பழைய கடைத்தெரு சரித்திரப் பிரசித்தி பெற்றது. ஒல்லாந்தர் இங்கே வந்து சாமான் வாங்கினார்கள் என்று சிலரும், விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள் என்று சிலரும் சொல்வார்கள். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அந்தத் தெருவைக் காட்டாமல் அனுப்பமாட்டோம். காட்டுவதற்கு அங்கே இருப்பவை கூரை சரிந்த ஒரு கிட்டங்கியும், அதற்குப் பக்கத்தில் அபுல் ஹஸனின் பேக்கரியும் கோப்பிக் கடையும்தான். வந்தவர்கள் கிட்டங்கியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே கடைக்குள் போய்விடுவார்கள். போறணை அடுப்பிலிருந்து அப்போதுதான் இழுத்த பாணும், இஞ்சி தட்டிப் போட்ட கோப்பியும் இருக்கும் இடத்தில் சரித்திரத்துக்கு என்ன வேலை?

நோன்பு மாதம் வந்தால் அபுல் ஹஸன் கடை வாசலில் ஒரு திரை கட்டுவார். மாச்சாக்கைப் பிரித்து அவருடைய மனைவி றாஹிலா தைத்த திரை. பகலில் அதற்குப் பின்னால் இருந்து சாப்பிடுகிறவர்கள் பயணக்காரர், நோயாளிகள், ஆலையடிவேம்பிலிருந்து சாமான் வாங்க வரும் தமிழ் ஆட்கள். நோன்பு பிடிக்கிறவர்களின் கண்ணில் படாமல் அவர்கள் ஒதுங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இது வெகுகாலத்து ஒழுங்கு. இதனால் யாருடைய நோன்பும் முறிந்ததில்லை. இவர்களைத் தவிர வேறு சிலரும் திரைக்குப் பின்னால் போய்வந்தார்கள். அவர்கள் பயணக்காரரும் இல்லை, நோயாளிகளும் இல்லை. ஊரில் மதிக்கப்பட்டவர்கள்.

அபுல் ஹஸன் மாத்திரம் ஒரு நோன்பும் விடமாட்டார். சித்திரை வெயிலானாலும், எரிகிற போறணைக்கு முன்னால், உதடு வெடித்துப்போய் நிற்பார். ஊருக்கெல்லாம் கோப்பி ஊற்றிக் கொடுக்கிற மனிதன் பொழுது சாயும்வரை தன் நாக்கில் ஒரு துளி படவிடமாட்டார்.

"இஞ்ச பாருங்க, இந்த ஒரு மாசத்துக்குக் கடையப் பூட்டுங்களேன்," என்று றாஹிலா சொல்வாள்.

"போறணை ஆறிப்போனா வெடிச்சிரும் புள்ள. பொறகு நோன்பு துறக்கச் சனத்துக்குப் பாண் ஆரு குடுக்கிற? பஸ்ஸால எறங்கி வாற முஸாபிர் எங்க போற?" என்பார் அவர்.

திரையில் ஒரு குறை இருந்தது. சாக்குப் போதாமல் அது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. உள்ளே இருப்பவரின் முகம் தெரியாது, கால் தெரியும். எங்கள் ஊரிலோ முகத்தை மறந்தாலும் காலை மறக்கமாட்டார்கள். இப்படியும் பல வருஷம் ஓடிற்று. யாரும் யாருடைய காலையும் பற்றிக் கதைக்கவில்லை.

அந்த வருஷம்தான் சபை மெம்பர் மீராமுகைதீன் கொழும்புக்குப் போய், வெண்கலக் கொக்கி வைத்த சப்பாத்து ஒரு சோடி வாங்கி வந்தார். கொழும்பில் பெரிய மனிதர்கள் எல்லாம் இப்போது இதைத்தான் போடுகிறார்களாம். அப்படி ஒரு சப்பாத்து கல்முனையிலும் கிடையாது, சாய்ந்தமருதிலும் கிடையாது. எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதான் வாங்கினார், எல்லாரும் பார்த்தார்கள். நோன்பு தொடங்கி நாலைந்து நாளில், பட்டப்பகலில், திரைக்குக் கீழேயும் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வெளியே வந்தபோது மீன் வியாபாரி ஷரிபுதீன் அவரைக் கண்டு ஸலாம் சொன்னார்.

"மெம்பர் காக்கா, சப்பாத்துக்குச் சொகந்தானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீராமுகைதீன் சிரிக்கவில்லை. வேறொருவர் என்றால் அடுத்த நாளிலிருந்து கடைக்குப் போவதை விட்டிருப்பார், அல்லது சப்பாத்தையாவது கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார். இவர் மக்கள் பிரதிநிதி. சபையைக் கூட்டி ஒரு பிரேரணை கொண்டுவந்தார். "புனித மாதத்தில் கோப்பிக் கடைத் திரைகளுக்குக் கீழே கால்கள் காணப்படுவதால் நோன்பாளிகளின் மனம் புண்படுகின்றது" என்பது பிரேரணை. கண்டவர்கள் முறையிடுவதுதான் உலக வழக்கம். காணப்பட்டவரே முறையிட்டது எங்கள் சபையின் முன்னேற்றம். பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. திரை நிலத்தைத் தொட வேண்டும், தவறினால் லைசன் ரத்து என்று அபுல் ஹஸனுக்குக் கட்டளை போயிற்று.

றாஹிலா இன்னும் இரண்டு சாக்கை ஒட்டுப்போட்டாள். திரை நிலத்தைத் தொட்டது. மறுநாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஊருக்குப் புதிது, கையில் அளவு நாடா இல்லாமல் வெளிக்கிடாதவர்.

"உது என்ன காணும், திரை நிலத்தில முட்டிக்கொண்டு நிக்குது? தூசியும் ஈயும் உதிலதான் குடியிருக்கும். ஒன்றரை அடி உயர்த்தவேணும். இல்லாட்டி லைசன் இல்லை."

அபுல் ஹஸன் உயர்த்தினார். மத்தியானம் சபை ஓவசியர் வந்து தாழ்த்தச் சொன்னார். தாழ்த்தினார். பின்னேரம் இன்ஸ்பெக்டர் மீண்டும் வந்தார். இப்படி ஏற்றியும் இறக்கியும் கயிறு தேய்ந்தபிறகு, அபுல் ஹஸன் பாதையைக் கடந்து எதிர்ப்பக்கம் இருந்த சபைக் கந்தோருக்குப் போனார். அங்கே தலைமைக் கிளாக்கர் நல்லரெத்தினம் இருந்தார். நல்ல மனிதர், ஆனால் கந்தோர் கதிரையில் இருக்கும் நேரத்தில் அது வெளியே தெரியாது.

"கிளாக்கர் ஐயா, ஒருத்தர் ஒசத்து எண்டுறார், ஒருத்தர் பதி எண்டுறார். நான் எதக் கேக்கிற?"

"இரண்டு கட்டளையும் அமுலில் இருக்கு. இரண்டையும் கேக்க வேணும்."

"ஒரு திரை எப்பிடி ஐயா நெலத்திலயும் முட்டி, ஒண்டரை அடி மேலயும் நிக்கும்?"

"அது திரையின்ர பொறுப்பு. கட்டளைகளுக்குள்ள முரண்பாடு ஒண்டுமில்ல. வேணுமெண்டா ஒரு விசாரணைக் குழு போடச் சொல்லி மனுப் போடுங்க."

அவர் மனுப் போட்டார். பாவம், வேறென்ன செய்வார்? குழு நியமனமானது. தலைவர் மீராமுகைதீன், காரியதரிசி நல்லரெத்தினம், நிபுணர் இன்ஸ்பெக்டர். ஸ்தலத்தில் நேரிற் சென்று, பகல் வேளையில், திரையின் பின்னாலிருந்து பரிசோதிக்க வேண்டும் என்று குழுவுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது.

திரையை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டி நடத்திய முதல் அமர்வில் ஒரு நுட்பமான கேள்வி எழுந்தது. இன்ஸ்பெக்டர் வெளியே வேப்பமரத்தடியில் நின்று என்ன கால் தெரிகிறது என்று பார்ப்பார். உள்ளே யாராவது இருந்து கோப்பி குடித்தால்தானே பரிசோதனை நடக்கும்?

"நான் குடிக்கலாம். ஆனா என்ர கால் நோன்பு பிடிக்கிற கால் இல்லயே. அது தெரிஞ்சாலும் ஒருத்தருக்கும் மனம் புண்படாது. பரிசோதனை செல்லாது," என்றார் நல்லரெத்தினம்.

"அப்ப ஒரு முஸ்லிம்தான் குடிக்க வேணும்," என்று மிகுந்த துயரத்தோடு சொன்னார் மீராமுகைதீன்.

அபுல் ஹஸனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நோன்பு நாளையில எப்பிடி மெம்பர்?"

"பயணத்தில இரிக்கிறவனுக்கு நோன்பு பிந்திப் பிடிக்க எடமிரிக்கா இல்லியா?"

"இரிக்கி. நீங்க என்ன பயணம் வந்த? ஒங்கட கந்தோர் ரோட்டுக்கு அங்கால பக்கந்தானே!"

"தூரத்தப் பாக்காத ஹஸன். குழு வந்திரிக்கிறது சுற்றுப்பிரயாணம். சுற்றுப்பிரயாணப் படி எடுக்கிறம். படி எடுக்கிறவன் பயணக்காரன். கொஞ்சம் சீனி கூடப் போட்டு ஊத்து."

சொல்லிவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, இரண்டு காலையும் வாங்குப் பலகையின் மேலே தூக்கி வைத்துச் சம்மணம் கொட்டி அமர்ந்தார். பரிசோதனை வெற்றி. மெம்பரின் கால் வெளியே தெரியவில்லை என்று இன்ஸ்பெக்டர் மரத்தடியிலிருந்து அறிவித்தார்.

ஆனால் ஒரு பரிசோதனையை நம்பி ஒரு முடிவுக்கு வருவது பொறுப்புள்ள குழுவுக்கு அழகல்ல. கோப்பி குடிக்கும்போது தெரியாத கால் பாணும் சம்பலும் தின்னும்போது தெரியக்கூடும். காலையில் தெரியாதது மத்தியானம் தெரியக்கூடும். ஆகவே குழு நாள்தோறும் கூடியது. வேலைப்பளு அதிகமென்று உபகுழுக்கள் அமைக்கப்பட்டன. ஊரின் கண்ணியமான மனிதர்கள் பலர், தத்தம் தொழிலையும் விட்டுவிட்டு, பொதுச்சேவை செய்ய முன்வந்தார்கள். யாரைக் கேட்டாலும் உபகுழுவில் இருக்கிறேன் என்றார். எல்லாரும் வாங்குகளின் மேலே சம்மணம் கொட்டியிருந்தார்கள். பஸ்ஸால் இறங்கி வந்த உண்மையான பயணக்காரருக்கும், ஆலையடிவேம்பு ஆட்களுக்கும் உள்ளே இடமில்லை. அவர்கள் பாதையில் வெயிலில் நின்று, நோன்பாளிகளின் கண் முன்னே, வெட்கத்தோடு பாணைப் பிய்த்துத் தின்றார்கள். அவர்களுடைய முழு உடம்பும் தெரிந்தது. ஆனால் குழு நியமிக்கப்பட்டது கால்களை மட்டும் விசாரிப்பதற்கு.

இவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தது யார்? அபுல் ஹஸன். போறணைக்கும் மேசைக்கும் இடையில் நடந்து நடந்து, வாய் காய்ந்து, தலை சுற்றி, சில வேளை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குழு சீக்கிரம் ஒரு தீர்ப்புச் சொன்னால் லைசன் தப்பும் என்பது அவருடைய ஒரே நினைப்பு. அதனால் யாரையும் முகம் சுளித்துப் பார்க்கவில்லை.

பெருநாளைக்கு இரண்டொரு நாள் இருக்கையில், பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு சபை மண்டபத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டது. ஊரே திரண்டு வந்திருந்தது. நல்லரெத்தினம் எழுந்து, யாருடைய முகத்தையும் பாராமல் வாசித்தார். திரை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருப்பது சுகாதாரத்துக்கு உகந்தது. அதே வேளை, அமர்வு தோறும் நடந்த பரிசோதனையில், திரைக்குக் கீழே ஊரவர் ஒருவரின் கால்கள் மட்டும் தினமும் காணப்பட்டன. செருப்பில்லாத கால்கள். மா படிந்தவை. ஓயாமல் அங்குமிங்கும் நடந்தவை. கடைச் சொந்தக்காரர் அபுல் ஹஸனுடையவை என இன்ஸ்பெக்டரால் அடையாளம் காணப்பட்டன.

"நோன்பு மாதத்தில் பகல் வேளையில் கோப்பிக் கடையில் ஒரு முஸ்லிமின் கால் காணப்பட்டபடியால், லைசன் ரத்துச் செய்யப்பட வேண்டும் என்று குழு சிபாரிசு செய்கின்றது."

அபுல் ஹஸன் எழும்பினார்.

"அது ஒங்களுக்குக் கோப்பி ஊத்தின கால் மெம்பர்! நான் நோன்போட நிண்டன். ஒரு நோன்பும் விடல்ல."

"கால் தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொள்கிறார். எழுதுங்க கிளாக்கர்," என்றார் மீராமுகைதீன். "நோன்போட நிண்டதுக்கு ஆரு சாட்சி?"

"அல்லாஹ் சாட்சி."

"அது மறுமைக்கு ஹஸன். லைசன் இம்மைக்கு. ஆராவது மனிசர் சாட்சி இரிக்கா?"

அபுல் ஹஸன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். முன் வரிசையில் உபகுழுக்கள் இருந்தன. அவற்றில் சீனி கூடக் கேட்டவர், சம்பல் காரமில்லை என்று முறையிட்டவர், மத்தியானமும் பின்னேரமும் இரண்டு அமர்வுக்கும் தவறாமல் வந்தவர். மீன் வியாபாரி ஷரிபுதீனும் எப்படியோ ஒரு உபகுழுவில் சேர்ந்திருந்தார்.

"பகல் முழுக்க எனக்கிட்ட நிண்டவங்க இதுக்குள்ளதானே இரிக்கீங்க. நான் ஒரு முடறு தண்ணி குடிச்சதக் கண்டீங்களா? உள்ளுக்கு இருந்த ஆராவது ஒராள் எழும்பிச் சொல்லுங்க. ஒராள் போதும்."

அவர் நோன்பாளி என்று சாட்சி சொல்வதென்றால், தான் அங்கே இருந்ததைச் சொல்ல வேண்டும். யாரும் எழும்பவில்லை. நல்லரெத்தினம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காரியதரிசி சாட்சி சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருப்பதாக அவர் பிறகு ஒருவரிடம் சொன்னாராம். அநியாயம் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே நானும் கதிரையிலேயே இருந்தேன். லைசன் ரத்தானது.

அபுல் ஹஸன் பாதையைக் கடந்து கடைக்குப் போனார். சற்று நேரத்தில் போறணையின் நெருப்பை அவித்த புகை கூரைக்கு மேலே எழுந்து, அடங்கியது.

பொழுது சாயும் நேரமானது. வழக்கம் போல நோன்பு துறக்கப் பாண் வாங்குவதற்கு எல்லாரும் கடை வாசலில் கூடினோம். மெம்பரும் வந்தார், உபகுழுக்களும் வந்தன. கதவு பூட்டியிருந்தது. திரையைக் காணவில்லை.

"இதென்ன அநியாயம்! நோன்பாளிகளுக்குப் பாண் இல்லாமலாக்கின இவன் என்ன மனிசன்?" என்று மீராமுகைதீன் சத்தம் போட்டார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து றாஹிலாவின் குரல் மட்டும் வந்தது.

"பாண் சுட்டு உள்ளுக்குத்தான் இரிக்கி. அவரு நோன்பெண்டு ஒராள் வாயத் தெறந்து சொல்லுங்க, கதவத் தெறக்கிறன். காசும் வேணாம்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. எல்லாரும் வாயைத் திறந்து, பிஸ்மி சொல்லி, கொண்டுவந்திருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.