ஒரே டிக்கெட்டில் கிறைஸ்ட்சர்ச்

சேசு மரி சூசை துணை

லிங்கராஜபுரம், பெங்களூரு
பத்தாம் தேதி, ஞாயிறு, காலைப் பூசை முடிந்து

பெருமதிப்புக்குரிய மச்சான் சவரிமுத்து அவர்களுக்கு, தங்கள் தங்கை செசிலியின் கணவன் அருளப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். சர்க்கரை நூற்று எண்பது, அதையும் சுகம் என்றே வைத்துக்கொள்வோம். தங்கவயலில் தாங்களும் அக்காவும் மாதாவின் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாரிக்குப்பத்தில் குளிர் எப்படி? தங்கள் முழங்கால் எப்படி?

செசிலி புதன்கிழமை காலை மாரிக்குப்பம் ரயிலில் ஏறித் தங்கள் வீடு வந்து சேர்ந்திருப்பாள். என் மேல் கோபமாகத்தான் வந்திருப்பாள். நாலு நாளாக ஒரு போன் கூடச் செய்யவில்லை பார் அண்ணா என்று மூக்கைச் சிந்தியிருப்பாள். மச்சான், போன் செய்தால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். கடிதம் என்றால் அது அலுவல் முறை, அதில் யாருக்கும் மானம் போகாது. வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான், ஆனால் தாங்கள் படிக்காமலேயே ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு ஃபைலை மூடிவிடுவீர்கள். ஆகையால் ஸ்பீட் போஸ்ட்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் பிரிஜெட்டுக்கு வருகிற இருபத்துநாலாம் தேதி பிரசவ நாள். நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் என்கிற ஊரில் அவளும் மாப்பிள்ளை ஆஷ்லியும் மட்டும் தனியாக இருக்கிறார்கள். தலைச்சன் பிள்ளை. பெற்றவள் பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் எனக்கும் செசிலிக்கும் எள்ளளவும் கருத்து வேறுபாடு கிடையாது. முதலில் அவள் போவது, கோயில் திருவிழாவை முடித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து நான் போவது என்று ஏற்பாடு. இருவருக்கும் விசா வந்து ஏழு வாரம் ஆகிறது. எப்படிப் போவது என்பதில்தான் தகராறே. பெங்களூரிலிருந்து அந்த ஊருக்கு நேர் விமானம் கிடையாது. ஒரு கம்பெனி சிங்கப்பூர் வரை கொண்டுபோய் விடும், அங்கிருந்து வேறு கம்பெனி. இரண்டு டிக்கெட். நடுவில் இறங்கி, பெட்டியைத் தேடி எடுத்து, மறுபடி வரிசையில் நின்று, மறுபடி பெட்டியைப் போட வேண்டும். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இரண்டாம் பிளாட்பாரத்துக்குப் போம்மா என்றால் வெளியே வந்து ஆட்டோ பிடிக்கிறவள் தங்கள் தங்கை. அவளை நான் சிங்கப்பூரில் இறக்கிவிடுவதா?

இதற்கெல்லாம் மருந்தாகத்தான் கோட்ஷேர் என்று ஒன்று வரப்போகிறது. நம் நாட்டு விமானக் கம்பெனி, வெளிநாட்டுக் கம்பெனியின் விமானத்திலுள்ள சீட்டைத் தன் பெயரில், தன் நம்பரில் விற்கும். ஒரே டிக்கெட். பெட்டியைத் தேவனஹள்ளி ஏர்போர்ட்டில் போட்டால் கிறைஸ்ட்சர்ச்சில் எடுத்துக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள். மடிவாளாவில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் வாங்கினால் வேறொரு டிராவல்ஸ் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறான் இல்லையா, அதேதான். அவன் யாரையும் கேட்காமல் செய்கிறான், ஆகாயத்தில் செய்ய டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதிக்கு இப்போது இரண்டு கம்பெனிகள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஏர் மந்தாரா சிங்கப்பூர் வழியாகக் கேட்கிறது. ஸ்கைதாரா கோலாலம்பூர் வழியாகக் கேட்கிறது. அவனுக்குக் கொடுத்தால் என் பிழைப்பு போச்சு என்று இவன் ஆட்சேபணை, இவனுக்குக் கொடுத்தால் நாட்டின் நலனே போச்சு என்று அவன் ஆட்சேபணை, நடுவில் பேப்பரில் அரைப் பக்கத்துக்கு ஆளுக்கொரு விளம்பரம். முப்பத்தாறு வருஷம் பர்ச்சேஸ் செக்ஷனில் டெண்டர் ஃபைல் பார்த்தவன் நான். சத்தம் போடுகிறவனுக்கு ஆர்டர் கிடைக்காது, காகிதத்தை ஒழுங்காக வைத்தவனுக்குத்தான் கிடைக்கும், அதுவும் ஒருத்தனுக்குத்தான் கிடைக்கும். மந்தாராதான். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வாரமாக நான் "அடுத்த திங்கட்கிழமை வந்துரும்" என்று சொல்லி வருவது உண்மை. ஏழு திங்கட்கிழமையும் வராமல் போனதும் உண்மை. நகருகிற ஃபைல் வெளியே தெரியாது, மச்சான், அதைப் பழகினவனுக்குத்தான் தெரியும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. டெல்லிக்கு மந்தாராவை ஆதரித்து நாலு பக்கம் மனு அனுப்பினேன். அனுப்பின அரை நிமிஷத்தில் பதில் வந்தது, "தங்கள் குறை பதிவு செய்யப்பட்டது" என்று, பதினாலு இலக்க நம்பரோடு. என் சர்வீசில் அரசாங்கம் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்து பார்த்ததில்லை, அதனால் லேமினேஷன் செய்து வைத்திருக்கிறேன். அதோடு விடாமல், பையப்பனஹள்ளியில் மெட்ரோ பிடித்து வைட்ஃபீல்டில் இருக்கிற மந்தாரா ஆபீசுக்கே போய்விட்டேன். வாசலில் என் முகத்தைப் போட்டோ பிடித்தார்கள், பையைத் திறந்து என் ஆரஞ்சுப் பழத்தைக் கூட விசாரித்தார்கள். கடைசியில் தர்ஷினி என்று ஒரு சேலத்துப் பெண் வந்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்கிள், நாங்க ஆப்ல சீட்டு கலர் மாத்துற டீம். டெல்லி மேட்டர்லாம் எங்களுக்கே பேப்பர் பாத்துதான் தெரியும்" என்றாள். பரவாயில்லை, கேட்டுக்கொள் என்று, ஃபைலில் எந்தத் தாள் மேலே இருக்க வேண்டும், எது அடியில் இருக்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். இன்னும் நாலு பிள்ளைகள் வந்து நின்று கேட்டார்கள். காபி கொடுத்து, கழுத்தில் மாட்டிக்கொள்கிற தலையணை ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். அதை மாட்டிக்கொண்டே மெட்ரோவில் திரும்பினேன். கழுத்துக்கு நன்றாகத்தான் இருந்தது.

கம்மனஹள்ளியில் டிக்கெட் போடுகிற விஜியை இந்த நேரத்தில் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் செசிலியைக் கெடுத்தது அவள்தான். போகும்போதெல்லாம் ஒரே பாட்டு. "அங்கிள், சும்னே யாக்கே, சும்மா எதுக்கு வெயிட் பண்றீங்க? ரெண்டு டிக்கெட்டா போட்டுறலாம். கோரமங்களா, எச்எஸ்ஆர், வைட்ஃபீல்டு, எல்லா மதர்ஸும் பேத்தி பாக்க அப்படித்தான் போறாங்க. ஒருத்தரும் காணாம போகல." நான் சொன்னேன், "அம்மா, அவங்கள்லாம் வேற. இவ வேற. நீ உன் கம்ப்யூட்டரைப் பாரு." செசிலி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை தங்களுக்கும் தெரிந்ததுதான், தங்கள் வீட்டுப் பார்வை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். கோயில் பங்கு ஆபீசில், பூசையில் வாசிக்கிற வேண்டுதலாக ஒரு கருத்து எழுதி வைத்தேன். பரீட்சைக்கு எழுதுகிறார்கள், வீடு விற்க எழுதுகிறார்கள், இதற்கு எழுதினால் என்ன குற்றம்? புதிதாக வந்திருக்கிற சின்ன சாமியார் முன்கூட்டிப் பார்க்காமல் மைக்கில் அப்படியே வாசித்துவிட்டார். "மரித்த அந்தோணியம்மாள் ஆன்மா இளைப்பாற்றிக்காக, அவர் குடும்பத்தார். அடுத்து, ஏர் மந்தாரா கம்பெனிக்கு சர்வதேசக் கோட்ஷேர் அனுமதி தடையின்றிக் கிடைக்க, அருளப்பன் குடும்பத்தார்." முன் வரிசையில் லாரன்ஸ் இருந்தான், அவன் மகன் ஸ்கைதாராவில் சாமான் ஏற்றுகிற இடத்தில் சூப்பர்வைசர். திரும்பி என்னை ஒரு முறை முறைத்தான். பூசை முடிந்ததும் நேரே பங்கு ஆபீசுக்குப் போய் அடுத்த பூசைக்கு ஸ்கைதாரா பேரில் எழுதி வைத்துவிட்டான். ஒரே நாளில் ஒரே பீடத்தில் இரண்டு கம்பெனிக்கும் வேண்டுதல், ஆண்டவர்தான் என்ன செய்வார்? வாசலில் பெண்கள் எல்லாம் செசிலியைச் சூழ்ந்துகொண்டு, "இன்னாக்கா, யாரு ஜெயிச்சது? உங்களுதா, லாரன்ஸுதா?" என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்தவள் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் புதன்கிழமை, காபி டம்ளரை என் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுப் பேசினாள்.

"பொண்ணு வயித்துல இருக்கிற கொழந்தை உங்க டெல்லிக் கையெழுத்துக்காகக் காத்துட்டு இருக்குமா?"

"இருபத்துநாலு வரைக்கும் இருக்கும். டாக்டரே தேதி எழுதிக் குடுத்திருக்காரே" என்றேன்.

"டாக்டர் எழுதினதைக் கொழந்தை படிச்சுதா? இன்னா மனுசன்யா நீங்க. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்." போய்விட்டாள்.

மச்சான், ஒன்று சொல்கிறேன், அவளிடம் சொல்ல வேண்டாம். எனக்குப் பயம். அவளுக்கு இங்கிலீஷ் வராது என்பதெல்லாம் மேலுக்குச் சொல்கிற காரணம். முப்பத்துநாலு வருஷத்தில் அவள் தனியாக ஒரு ரயில் கூட மாறியதில்லை, எப்போதும் டிக்கெட் என் சட்டைப்பையில்தான் இருக்கும். அத்தனை பெரிய இடத்தில் அவள் பெட்டியோடு நின்று திருதிருவென்று விழிப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கைவிடப்பட்டவள் மாதிரி நிற்பாளே. இதை வாய்விட்டு அவளிடம் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால்தான் கோட்ஷேர் கோட்ஷேர் என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் கவலையே வேண்டாம். நாளை திங்கட்கிழமை டெல்லியில் கூட்டம். கையெழுத்து நிச்சயம், இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை. செவ்வாய்க்கிழமை டிக்கெட், வெள்ளிக்கிழமை விமானம், சனிக்கிழமை அவள் மகள் வீட்டில் இருப்பாள். அதற்குப் பிறகும் எட்டு நாள் கையில் இருக்கிறது. தாங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வியாழக்கிழமை வரை அவளை அங்கேயே வைத்து, நாலு வேளை நல்ல சோறு போட்டு, கோபத்தை ஆற்றி அனுப்புங்கள். "உன் புருஷன் ஒண்ணு சொன்னா அது நடக்கும்" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். தாங்கள் சொன்னால் நம்புவாள். சவரிமுத்துவுக்குப் பொய் சொல்ல வராது என்பது தங்கவயல் முழுக்கத் தெரிந்த சங்கதி.

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தத்தையும் சொல்லவும். செபமாலை மாதா தங்கள் வீட்டையும், தங்கள் முழங்காலையும், டெல்லியில் கையெழுத்துப் போடப்போகிற அதிகாரியின் கையையும் காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனர்,
ச. அருளப்பன்
பர்ச்சேஸ் செக்ஷன், ஓய்வு

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை ஆஷ்லி வீடியோவில் கூப்பிட்டார். வெள்ளைத் துணியில் சுற்றின செக்கச்செவேலென்ற ஒரு முகம். "பொண்ணு மாமா. ரெண்டு வாரம் முன்னாடியே வந்துட்டா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். நான் முகத்தைப் பார்க்கவில்லை, மச்சான், பிள்ளையைத் தாங்கியிருந்த கையைப் பார்த்தேன். அது செசிலி கை. சனிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். மூன்று வாரம் முன்பே விஜி டிக்கெட் போட்டுவிட்டாளாம். வியாழக்கிழமை தாங்களே காரில் கொண்டுபோய் தேவனஹள்ளியில் இறக்கிவிட்டு, கையசைத்துவிட்டு வந்தீர்களாம். பீரோவைத் திறந்து பார்த்தேன். பாஸ்போர்ட் இருந்த கவரில், கனம் தெரியட்டும் என்று ஒரு கேண்டீன் சோப்பு இருந்தது.

"சிங்கப்பூர்ல பயமா இல்லியா?" என்று கேட்டேன்.

"இன்னா பயம்? பெட்டி வந்துச்சு, எடுத்தேன். அந்தாண்ட போயி மறுபடி போட்டேன். அவ்ளோதான். நீங்க கூட இருந்திருந்தா அவங்ககிட்ட ஃபைலைக் காட்டுன்னு நின்னிருப்பீங்க, பிளேன் போயிருக்கும்." பிறகு, "பிரிஜெட்டு வலியில அம்மா அம்மான்னு கூப்பிட்டா. நான் இருந்தேன்ங்க" என்றாள். அழுதேன், எழுதுவதற்கு என்ன வெட்கம்.

காலையிலிருந்து பிரிக்காமல் கிடந்த பேப்பரை இப்போதுதான் பிரித்தேன். வெள்ளிக்கிழமையே அனுமதி கொடுத்துவிட்டார்களாம், இரண்டு கம்பெனிக்கும். அடுத்த கோடைகால அட்டவணையிலிருந்து ஓடுமாம். ஓடட்டும். மேலே எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள், தங்கள் முழங்காலுக்கான ஆசீர்வாதம் தவிர. திருவிழாவை லாரன்ஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டேன். விஜிக்குப் போன் போட்டேன். "ஒரே டிக்கெட் வர்ற வரைக்கும் வெயிட் பண்றீங்களா அங்கிள்?" என்று கேட்கிறாள் கழுதை. "ரெண்டா போடும்மா. நாலானாலும் போடு. நாளைக்கே போடு" என்றேன்.