மணப்பலகைக்குள் ஓர் ஆணி

'டக்' என்றது. மரம் குடைகிற இரண்டாவது பிட்டும் ஒடிந்து, அதன் முனை பறந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் பட்டது.

வீரணன் மிஷினை நிறுத்தினான். பலகையில் ஒரு கிளி முழுசாக உட்கார்ந்திருந்தது. அதன் ஜோடிக்குக் கழுத்து வரைதான் வந்திருந்தது.

"கட்டைக்குள்ள என்னமோ கெடக்குண்ணே" என்றான்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பக்கத்து வீட்டு பீமாராவ். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவர். எதைச் சொன்னாலும் அப்பவே சொன்னதாகத்தான் சொல்வார். காலையில் பேப்பர் படிக்க வீரணன் வீட்டு வாசற்படிக்கு வந்தால், கடை திறக்கிற நேரம் வரை நகரமாட்டார்.

வில்லாபுரத்தில் அந்த மிஷினைத் தெரியாதவர்கள் கிடையாது. பழைய பிரிண்டர்களில் கழற்றிய மோட்டார்கள், இரும்புக்கடையில் பொறுக்கிய மரை போட்ட கம்பிகள், மேஜை டிராயர் ஓடுகிற சேனல், மரம் குடைகிற ரூட்டர் ஒன்று, சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் சேர்த்து வீரணன் தானே கட்டியது. மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை பார்ப்பவனுக்கு இது எதற்கு என்று கேட்டவர்களே, பிறகு வரிசையில் நின்று பெயர்ப்பலகை செய்துகொண்டு போனார்கள். கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் போதும், மிஷின் அதை மரத்தில் குடைந்துவிடும். சாவி மாட்டும் பலகை, கோபுரக் கடிகாரம் என்று தெருவில் பாதி வீடுகளில் அவன் கைவரிசை தொங்கியது.

இப்போது குடைவது அவன் தங்கை அன்னக்கொடியின் மணப்பலகை. இரண்டு சம்பந்தம் கூடி வந்து கலைந்துபோன பிறகு அமைந்த இடம் இது. அப்பா இல்லாத வீடு. இதுவும் கலைந்தால் அம்மா படுத்த படுக்கையாகிவிடுவாள் என்று வீரணன் நிஜமாகவே பயந்தான்.

மாப்பிள்ளை வீடு கொட்டாம்பட்டிப் பக்கம். நாலுவழிச் சாலைக்காக ரோட்டோரப் புளியமரங்களை எல்லாம் வெட்டியபோது, மாப்பிள்ளையின் அப்பா மொக்கைச்சாமி ஒரு பெரிய துண்டை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். "புள்ளைக நம்ம ஊரு மரத்துல உக்காந்துதான் தாலி கட்டணும் மாப்ள" என்று வேனில் அனுப்பிவிட்டார். புளியங்கட்டையில் மணப்பலகையா என்று அம்மா முகம் சுளித்தாள். ஆனால் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியுமா? அதுவும் சம்பந்தி கொடுத்த மாட்டை?

வீரணன் உளியை வைத்துத் தட்டினான். கிளியின் கழுத்துக்குக் கீழே கருப்பாக ஒன்று தலைகாட்டியது. குறடால் பிடித்து இழுத்தான். வர மறுத்தது. காலை ஊன்றி இழுத்ததும் பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தத்தோடு கையோடு வந்துவிட்டது.

கொல்லன் அடித்த பழைய ஆணி. விரல் நீளம். அதில் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது, தலைமுடி.

"பேய் ஆணி!" என்று பீமாராவ் படியிலிருந்து தெருவுக்கு இறங்கிவிட்டார். "பேய் புடிச்ச பொம்பளையோட உச்சிமுடியை ஆணியில சுத்தி மரத்துல அடிச்சு, கத்தியால அறுத்து விட்ருவாங்க. பேய் மரத்தோட நின்னுரும். பொம்பளை வீட்டுக்குப் போயிருவா. இப்ப நீ அதைப் புடுங்கிட்ட!"

"சும்மா இருங்கண்ணே. அம்மா காதுல விழுந்துறப் போகுது."

அப்போது மிஷின் தானாக நகர்ந்தது.

ரூட்டர் மெல்ல ஒரு ஓரத்துக்குப் போய், திரும்பி வந்து, ஆணி இருந்த குழிக்கு நேராக நின்றது.

"பயப்படாதீங்கண்ணே. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது மோட்டாரு இப்பிடித்தான் துடிக்கும்" என்று சிரித்தான் வீரணன். கம்ப்யூட்டரையும் மிஷினையும் இணைக்கிற ஒயரைக் காட்டலாம் என்று கையை நீட்டினான். ஒயர் தரையில் கிடந்தது. பலகையில் உளியை வைப்பதற்கு முன்னால் அவன்தான் கழற்றிப் போட்டிருந்தான்.

பீமாராவ் அன்றைக்குப் பேப்பரைக்கூட எடுக்காமல் போனார்.

வீரணன் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமல், கொட்டாம்பட்டியில் பேய் ஓட்டுகிற கோடாங்கி முத்திருளனைப் போய்ப் பார்த்தான். முத்திருளன் ஆணியைக் கையில் வாங்கவில்லை. எட்ட நின்றே பார்த்தார்.

"எங்கப்பன் கை ஆணி. ஒரு புதுப்பொண்ணுக்கு அடிச்சது. சரியான வாயாடி. புருசனை எதுத்துப் பேசுவா, மரத்துல ஏறிப் பாட்டுப் பாடுவா, மாமியா ஒண்ணு சொன்னா இவ ஒம்பது சொல்லுவா. ஆணி அடிச்ச மறுநாளே பசு மாதிரி ஆயிட்டா. இன்னை வரைக்கும் ஒரு குரல் ஒசத்திப் பேசினதில்ல."

"யாருண்ணே அது?"

"நல்லா வாழுற குடும்பம். பேரு சொல்லக் கூடாது. நீ இதைக் கொண்டுபோய் உசுரோட நிக்கிற புளியமரத்துல அடிச்சிரு. இல்லாட்டி அம்புட்டுத்தான். வெளிய வந்தது, வாழப்போற பொண்ணைத்தான் மொதல்ல பாக்கும்."

வீரணன் ஆணியோடு ரோட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் பார்த்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தார் ரோடு. முன்பெல்லாம் குடை பிடித்தது போல் நின்ற புளியமரங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. பேயை ஓட்டத் தெரிந்த ஊரில், பேயைக் கட்டிவைக்க ஒரு மரம் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துக்குள் மட்டும் ஒன்று நின்றது. அதில் ஆணி அடிப்பதற்கு என்ன காரணம் சொல்வது என்று யோசித்தபடியே பஸ் ஏறிவிட்டான்.

"மரம் மரந்தானே" என்று முடிவு செய்து, மறுநாள் பீமாராவ் கடைக்குப் போன நேரம் பார்த்து, அவர் வீட்டு முருங்கையில் ஆணியை அடித்தான். வேதாளத்துக்கு முருங்கை மரம் பிடிக்கும் என்று ஊரே சொல்கிறதே. வேதாளத்துக்குப் பிடித்திருக்கலாம். முருங்கைக்குப் பிடிக்கவில்லை. நாலாவது அடியில் மரம் படபடவென்று முறிந்து மின்கம்பியின் மேல் சாய்ந்தது. தெரு முழுக்க கரண்ட் போனது.

தெருவே கூடி அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவன் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. க்ர்ர்ர். ரூட்டர் மரத்தைக் கடிக்கிற சத்தம்.

"யூ.பி.எஸ்ல ஓடுது போல" என்றார் யாரோ.

யூ.பி.எஸ். பாட்டரி செத்து மாதக்கணக்காகிறது. வீரணனுக்கு மட்டும்தான் அது தெரியும்.

உள்ளே ஓடினான். மிஷின் நிதானமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரை இருட்டாக இருந்தது. பலகையில், இரண்டாவது கிளி இருக்க வேண்டிய இடத்தில், எழுத்துகள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதுவார்களே, அப்படிக் கோணல்மாணலாக ஒரு பெயர்.

சோணையம்மா.

மாப்பிள்ளையின் அம்மா பெயர் அது.

அப்படி ஒரு மனுசியை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது. நிச்சயத்துக்கு வந்தபோது மொத்தமாகவே நாலு வார்த்தைதான் பேசினார். வரதட்சணைப் பேச்சை மொக்கைச்சாமி எடுத்தபோது, சோணையம்மாள் அவரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். சோணையம்மாள் நடந்து போனால் தெருநாய்கூடக் குரைக்காது என்று அம்மா பூரித்துப்போனாள். அன்னக்கொடிக்கு இப்படி ஒரு மாமியார் கிடைத்ததற்காகவே அவள் அழகர்மலைக்குப் போய் முடி இறக்கி வந்திருந்தாள்.

அந்தம்மாவைத்தான் பேய் தேடுகிறது!

வீரணன் பலகையை இழைத்து அந்தப் பெயரை அழித்தான். கரண்ட் வந்ததும் பலகையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் கிளிகளைக் குடைய விட்டான். ஒரு காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், கிளி இல்லை. சோணையம்மா. இந்த முறை இன்னும் ஆழமாக, கோபமாக.

இனி என்ன ஆனாலும் அந்தம்மா இந்த வீட்டுப் பக்கம் வரக் கூடாது என்று மாப்பிள்ளை சின்னக்கருப்பனுக்குப் போன் போட்டான்.

"மச்சான், பலகை பாக்க அத்தையைக் கூட்டிட்டு வராதீங்க. பாலிஷ் வாடை ஒத்துக்காது."

"எங்கம்மாவுக்கா? அது மொளகா வறுக்கிற நெடிக்கே தும்மாதே மச்சான்."

"இல்ல மச்சான், இங்க... கொஞ்சம் காய்ச்சல் பரவுது."

"யாருக்கு? அன்னக்கொடிக்கா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். பெண்ணுக்கு ஏதோ வியாதி, மறைக்கிறார்கள் என்று மொக்கைச்சாமிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் வேன் வந்து வாசலில் நின்றது. மொக்கைச்சாமி இறங்கினார். பின்னால் சோணையம்மாள், கையில் ஒரு பை நிறைய முறுக்கோடு.

தெருநாய் இரண்டும் எழுந்து அடுத்த தெருவுக்குப் போயின.

மொக்கைச்சாமி கூடத்தில் உட்கார்ந்து அன்னக்கொடியை மேலும் கீழும் பார்த்தார். அவள் நன்றாகத்தான் இருந்தாள். "காய்ச்சலா? எனக்கா?" என்று அண்ணனை முறைத்தாள். அவர் சமாதானமாகிக் காபியை ஊதத் தொடங்கினார். அதற்குள் சோணையம்மாள் எழுந்து மிஷின் இருந்த அறைக்குள் போய்விட்டார்.

வீரணன் பின்னாலேயே ஓடினான். பலகையைப் போர்வை போட்டு மூடித்தான் வைத்திருந்தான். அவர் அதை விலக்கிவிட்டு, அந்தப் பெயரின் மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தார். மிஷின் ஒயர் இல்லாமல் லேசாக நடுங்கியது.

"ஆணியை எங்க தம்பி வச்சிருக்க?" என்று கேட்டார், சாதாரணமாக.

வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது. முறிந்த முருங்கையிலிருந்து பிடுங்கி ஒளித்து வைத்திருந்த ஆணியை எடுத்து அவர் காலடியில் போட்டான்.

"தெரியாமப் புடுங்கிட்டேன் அத்தை. உள்ள கெடந்த பேய் வெளிய வந்துருச்சு. அது உங்களைத்தான் தேடுது. உங்க பேரையே எழுதுது. கல்யாணம் நின்னாலும் பரவாயில்ல, நீங்க இந்த ரூமை விட்டுப் போயிருங்க!"

சோணையம்மாள் குனிந்து ஆணியை எடுத்தார். அதிலிருந்த முடியைத் தன் நரைத்த கூந்தலோடு சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டார். அவருக்குச் சிரிப்பு வந்தது. வீரணன் அவர் சிரித்துப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"கல்யாணம் எதுக்கு நிக்கணும்? நான் இருக்க நிக்க விடுவேனா? அன்னக்கொடியை எம் மக மாதிரி வச்சுக்குவேன். அந்தச் சுத்தியலை எடு."

வீரணன் எடுத்துக் கொடுத்தான். அவர் பலகையைத் திருப்பிப் போட்டு, ஆணியைப் பழைய குழியிலேயே நட்டு, குறி தவறாமல் ஓங்கி அடித்தார். மிஷின் ஒரு தடவை உதறிவிட்டு நின்றது. உள்ளே யாரோ அழுவது போலிருந்தது. அல்லது மோட்டாரில் எண்ணெய் இல்லையோ என்னவோ.

"மேல மரத்தூள் மாவு வச்சு அடைச்சு, ரெண்டு கிளியைப் போட்டுரு. மாமாவுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்."

"அத்தை, அந்தப் பேயி... திரும்ப வெளிய வந்துறாதே?"

சோணையம்மாள் சுத்தியலை அவன் கையில் கொடுத்துவிட்டு, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "ஆணியில பேய் எங்க தம்பி இருந்துச்சு? கோடாங்கி அன்னைக்கு ஆளை மாத்திச் சோணையம்மாவை மரத்துல அடிச்சுட்டுப் போயிட்டான். நான் அப்ப இருந்து இந்த ஒடம்புலதான இருக்கேன்."