முள்ளம்பன்றி வீட்டுக் கல்முற்றமும் மரமேடையும்

ஒரு காட்டில், அதுவும் இப்போதைய காட்டில், பாறைமேல் ஏறி நின்றால் செல்போனுக்கு டவர் கிடைக்கிற காட்டில், அம்பலவாணன் என்ற முள்ளம்பன்றியும் அதன் மனைவி வடிவும் குடியிருந்தன. ஓடைக்கு மேலே மேட்டில் விசாலமான வளை. பின்னால் பெரிய கொல்லை. பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு வளை தோண்டிக்கொண்டு போய்விட்டன.

வளையில் குறையொன்றும் இல்லை. கொல்லைதான் தொல்லை. உன்னிச்செடியை ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் முளைத்தது. புங்கமரம் வருஷம் முழுக்க எதையாவது கொட்டியது. இலை முடிந்தால் பூ, பூ முடிந்தால் காய். போதாததற்கு அம்பலவாணன் உலாத்துகிற இடமெல்லாம் முள் உதிர்ந்தது. வயசானால் அப்படித்தான். அத்தனையையும் குனிந்து பெருக்கியது வடிவு. அம்பலவாணனும் சும்மா இருந்துவிடவில்லை. பக்கத்தில் நின்று, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று காட்டியது.

ஒரு மார்கழி மாதத்தில் பெருக்கக் குனிந்த வடிவால் நிமிர முடியவில்லை. வைத்தியம் பார்க்கும் தேவாங்கு வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, இனிமேல் குனியவே கூடாது என்று சொல்லிப் போனது. வடிவு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. பிறகு சொன்னது:

"எனக்குப் பெருசா ஆசை ஒண்ணும் இல்லைங்க. சாயங்காலம் இந்தக் கொல்லையில ஒரு தடவையாவது சும்மா உட்காரணும். கையில காபி இருக்கணும். கீழே பார்த்தா எடுத்துப் போடறதுக்கு எதுவும் இருக்கக் கூடாது."

அம்பலவாணனுக்கு மனசு கலங்கிவிட்டது. தான் பெருக்கலாமே என்ற யோசனை மட்டும் அதற்கு வரவில்லை. பாறைமேல் ஏறி செல்போனில் தேடியது. பராமரிப்பே வேண்டாத கொல்லை அமைப்பது எப்படி என்று ஒரு வீடியோ கிடைத்தது. அதில் ஏதோ குளிர்நாட்டுக் கரடிகள், கல் பாவிய முற்றத்தை ஒட்டிய மரமேடையில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் கையிலும் துடைப்பம் இல்லை. அம்பலவாணன் அதை வடிவுக்குப் போட்டுக் காட்டியது. வடிவு இரண்டாம் முறையும் போடச் சொல்லிப் பார்த்தது.

காட்டில் இந்த மாதிரி வேலைகளை எடுத்துச் செய்தது ஒரு நரி. நரி என்றதும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். வடிவும் அதையேதான் நினைத்தது. ஆனால் இந்த நரி சொன்ன நாளில் வந்தது. கொல்லையை அளந்தது. வெயில் எந்தப் பக்கம் விழும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்றெல்லாம் விசாரித்தது. பிறகு மண்ணில் நகத்தால் கோடு கிழித்துக் காட்டியது. இந்தப் பாதியில் ஆற்றுப் பலகைக்கல் பாவிய முற்றம். அந்தப் பாதியில் வேங்கைப் பலகையில் மேடை. சுற்றி ஓரமாகக் கூழாங்கல், அதற்கடியில் களை முளைக்காமலிருக்கக் கறுப்பு விரிப்பு. செடி என்று பார்த்தால் கற்றாழை மட்டும், அது யாரையும் எதையும் கேட்காது. புங்கமரக் கிளைகளைக் கொஞ்சம் கழித்துவிட்டால் குப்பை கொல்லைக்குள் விழாது.

"பராமரிப்பே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். எப்பவாவது தண்ணி ஊத்திக் கழுவணும். பலகைக்கு மழைக்கு முன்னாடி எண்ணெய் பூசணும். அவ்வளவுதான்" என்றது நரி.

வேலை நடந்த நாட்களெல்லாம் வடிவு வளை வாசலில் உட்கார்ந்து நரியையே கவனித்துக்கொண்டிருந்தது. கல் குறைகிறதா, பலகையில் பொத்தல் இருக்கிறதா, சுண்ணாம்பில் மண் கலக்கிறதா என்று பார்த்தது. எதுவும் இல்லை. வேலை முடிந்து நரி இடத்தைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போனபோது வடிவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கொல்லை அழகாகத்தான் இருந்தது. முதல் சாயங்காலம் வடிவு காபியோடு மேடையில் போய் உட்கார்ந்தது. கீழே பார்த்தது. எடுத்துப் போட ஒன்றுமில்லை. அம்பலவாணன் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டது. வடிவு பதில் சொல்ல வாயைத் திறந்தது. அப்போது வேலிப்பக்கம் யாரோ கனைத்தார்கள்.

சரிவில் பொந்து வைத்திருக்கும் மரநாய் தெய்வானைதான். வேலை நடந்ததைக் கேள்விப்பட்டதாகவும், சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்ததாகவும் சொன்னது. பார்த்தது. உட்கார்ந்தது. கல்லைத் தடவி, பலகையை முகர்ந்து, நரியை எங்கே பிடிக்கலாம் என்று விசாரித்தது. ஒரு காபி குடித்தது. பிறகு இன்னொன்றும் குடித்தது.

அடுத்த நாள் மயில் வந்தது. கல்தரையில் தோகை விரித்தால் போட்டோவில் எடுப்பாக விழும் என்று யாரோ சொன்னார்களாம். அதற்கடுத்து உக்கிரபாண்டி என்ற காட்டெருமை வந்தது. மேடை தாங்குமா என்று சோதித்துப் பார்க்க மெதுவாக உட்கார்ந்தது. மேடை தாங்கியது, நரி அவ்வளவு நல்ல உத்தரம் போட்டிருந்தது. அதன்பின் உக்கிரபாண்டி தினமும் வந்தது.

பழைய கொல்லைக்கு யாரும் வந்ததில்லை. முள்ளும் குப்பையும் கிடந்த இடத்தில் யார் உட்காருவார்கள்? இப்போது சாயங்காலமானால் காடே அங்கேதான் இருந்தது. மான்கள் குட்டிகளை முற்றத்தில் விளையாட விட்டுவிட்டு மேடையோரம் நின்று பேசின. நல்ல இடம், காற்று வருகிறது, இதற்கெல்லாம் ஒரு மனசு வேண்டும் என்று எல்லாம் வாயார வாழ்த்தின. வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? வடிவு வளைக்கும் மேடைக்குமாக நடந்தது. காபி போட்டது, சுக்குத் தட்டியது, கிழங்கு அவித்தது, குவளை கழுவியது. மேடையில் அதற்கு உட்கார இடமும் இல்லை.

முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. தேவாங்கு வந்து பார்த்தது. குனியக் கூடாது என்றுதானே சொன்னேன் என்று கேட்டது. வடிவு, இப்போது குனிவதில்லை, நிமிர நேரமில்லை, அவ்வளவுதான் என்றது. தேவாங்கு தைலம் தடவிவிட்டு, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, மேடைக்குப் போய் உட்கார்ந்து ஒரு காபி கேட்டது.

அம்பலவாணன் ஒரு கம்பம் நட்டு, 'உரிமையாளர்கள் ஓய்வில் இருக்கிறார்கள்' என்று எழுதித் தொங்கவிட்டது. உக்கிரபாண்டிக்குப் படிக்கத் தெரியாது. கழுத்தைக் கம்பத்தில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, சொறிந்துகொள்ள இப்படியொரு வசதி வேறு எந்த வீட்டிலும் இல்லை என்று பாராட்டியது. மயிலுக்குப் படிக்கத் தெரியும். ஓய்வில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அது நேராக அடுப்படிக்கே போய்த் தனக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டது.

அன்றைக்கு வடிவு எதுவும் சாப்பிடவில்லை. ராத்திரி அம்பலவாணனிடம், தங்கச்சி வளைக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டது. கல்யாணமான காலத்திலிருந்து அது அப்படிக் கேட்டதே இல்லை. அம்பலவாணன் பயந்துவிட்டது. பயத்தில் ஒரு காரியம் செய்தது.

மறுநாள் குன்றுக்குப் போய் சிறுத்தையாரைப் பார்த்தது. இந்தக் கதையில் இவருக்கு மட்டும் 'ஆர்' போட்டுத்தான் சொல்லியாக வேண்டும். கதை சொல்கிறவர்களுக்கும் உயிர் இருக்கிறது. அம்பலவாணன் தன் கஷ்டத்தைச் சொல்லி, நாளை சாயங்காலம் ஒரு நிமிஷம் எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனால் பெரிய உபகாரமாக இருக்கும் என்றது. சிறுத்தையார் கண்ணை மூடியபடியே கேட்டார். நின்றால் போதுமா என்றார். போதும் என்றது அம்பலவாணன்.

சிறுத்தையார் சொன்னபடி வந்து நின்றார். கொல்லை காலியாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, மயிலின் தோகையில் மட்டும் கொஞ்சம் போனது. வடிவு வளை வாசலில் நின்று இதைப் பார்த்தது. இத்தனை நாளில் முதல் முறையாக அதன் முகம் தெளிந்தது.

சிறுத்தையார் கல்லை மிதித்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. மேடையில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றினார். படுத்தார்.

அம்பலவாணன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றி என்றது. சிறுத்தையார் பரவாயில்லை என்றார். மறுநாள் காலையிலும் அங்கேயே படுத்திருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. காபி கேட்கவில்லை, கிழங்கு கேட்கவில்லை. சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொண்டு வந்தார். முள்ளம்பன்றியைத் தின்னும் பழக்கமில்லை, வாயில் குத்தும் என்று அவரே பெருந்தன்மையாகச் சொன்னார். "என்னை ஒரு ஆளா நினைக்காதீங்க. நீங்க பாட்டுக்கு உள்ளே இருங்க" என்றார். அவை இரண்டும் உள்ளேயே இருந்தன.

தன் கொல்லையைத் திரும்பக் கேட்டு அம்பலவாணன் காட்டு அலுவலகத்துக்கு நடந்தது. வரிசையில் நின்று ஜன்னலை எட்டியபோது, அங்கே இருந்த கருங்குரங்கு ஒரு படிவத்தைக் கொடுத்தது. ஆக்கிரமிப்புப் புகார் என்றால் ஆக்கிரமித்தவரின் ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்றது. அம்பலவாணன் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேடையருகே போய் நீட்டியது. சிறுத்தையார் கோபப்படவில்லை. முழுவதும் படித்து, இரண்டு இடத்தில் எழுத்துப்பிழை திருத்தி, கடைசியில் கையை வைத்தார். நகம் பட்டுப் படிவம் நாலாகக் கிழிந்தது. கிழிந்த படிவத்தை வாங்கிக்கொள்வதில்லை என்று கருங்குரங்கு வருத்தத்தோடு தெரிவித்தது. புதுப் படிவம் அடுத்த வருஷம்தான் அச்சாகி வருமாம்.

வடிவு வளை வாசலில் உட்கார்ந்து கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழித்த கிளைகள் மறுபடி துளிர்த்து, புங்கம்பூ மேடையில் உதிர ஆரம்பித்திருந்தது. சிறுத்தையார் பூவின்மேலேயே தூங்கினார். அம்பலவாணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"வடிவு, இனிமே நானே பெருக்கறேன்" என்றது மெல்ல.

வடிவு திரும்பிப் பார்த்தது. "இப்பதான் தோணுச்சா?" என்றது. குரலில் கோபமில்லை. அதனால்தான் அம்பலவாணனுக்கு அது தாங்க முடியவில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் நரி வந்தது. செய்த வேலைக்கு ஒரு வருஷம் பொறுப்பு என்று சொல்லியிருந்தது, அதன்படி பார்க்க வந்திருந்தது. வேலிக்கு வெளியே, ஓடுவதற்குத் தோதான தூரத்தில் நின்றுகொண்டு, கல் ஏதாவது ஆடுகிறதா, பலகை உப்பியிருக்கிறதா, தண்ணீர் தேங்குகிறதா என்று கேட்டது. அம்பலவாணன் எதுவும் இல்லை என்றது. பராமரிப்பு வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டது நரி. ஒரு வேலையும் இல்லை என்றது அம்பலவாணன். இரண்டுமே உண்மை. நரி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனது. அன்றுமுதல் அது புது வாடிக்கையாளர்களிடம், சிறுத்தையாரே விரும்பித் தங்கும் மேடை என்று சொல்ல ஆரம்பித்தது.

அப்படிச் சேர்ந்த முதல் வாடிக்கையாளர் தெய்வானை. உட்கார்ந்து பழகிய இடம் போய்விட்டதால் அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை முடிந்து புது வருஷம் பிறந்ததும், சரிவில் தன் பொந்துக்குக் கீழே அதே ஆற்றுக்கல், அதே வேங்கைப் பலகை போட்டுக்கொண்டது. யாருக்கும் சொல்லாமல், ஓசைப்படாமல், தான் மட்டும் உட்காருவதற்காகக் கட்டிக்கொண்டது.

வேலை முடிந்த செய்தி வடிவின் காதுக்கு வந்தது. வடிவு முகத்தைக் கழுவிக்கொண்டு, முன்வாசல் வழியாக, முதுகைப் பிடித்தபடி சரிவில் இறங்கிப் போனது. தெய்வானை அப்போதுதான் காபியோடு உட்கார்ந்திருந்தது. வடிவு, சும்மா பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்று சொல்லிவிட்டு, மேடையில் காற்று வருகிற மூலையாகப் பார்த்து உட்கார்ந்தது.

தெய்வானை வேறு வழியில்லாமல், காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டது.

"சர்க்கரை கொஞ்சம் கம்மியா" என்றது வடிவு.

கொஞ்ச நேரத்தில் அம்பலவாணன் வந்து சேர்ந்தது. அதன் பின்னால் உக்கிரபாண்டி வந்து, தாங்குமா என்று மெதுவாக உட்கார்ந்து பார்த்தது. தாங்கியது. தெய்வானை உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது. இலைகள் விழுந்தன. தெய்வானை குனிந்து பொறுக்கியது. வடிவு காலை நீட்டிக்கொண்டு, அதோ அங்கே ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று காட்டியது.

விளக்கு வைக்கும் நேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. தெய்வானை இடுப்பில் கை வைத்து நின்று, மேட்டில் இருக்கும் அந்தச் சிறுத்தையார் எப்போதுதான் காலி செய்வார் என்று வடிவைக் கேட்டது. அலுவலகத்தில் புதுப் படிவம் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதாகவும், தானே போய் வரிசையில் நின்று வாங்கி வருவதாகவும் சொன்னது.

வடிவு காபியைக் குடித்து முடித்துக் குவளையைத் தெய்வானையிடம் நீட்டியது.

"அவர் ஏன் போகணும்? பாவம், யாருக்கும் தொந்தரவில்லாம இருக்கார். இருக்கட்டும்."

நீதி: பராமரிப்பே தேவைப்படாத முற்றம் உலகத்தில் உண்டு. அதைப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்க வேண்டும்.