மன்னிப்புக்கு ஐம்பது மார்க்

நான்காம் வகுப்பில் பதினோரு பிள்ளைகள் அடி வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அடிப்பவன், பள்ளிக்கூடமே 'வால்' என்று அழைக்கும் பையன். ஆளுக்குத் தோளில் ஒன்று, அதுவும் பட்டும் படாமலும். அடித்த கையோடு, அவர்கள் நீட்டிய நோட்டில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். வாசலில் நின்று பார்த்த வேதபாட டீச்சருக்குத் தலை சுற்றியது. வரிசையின் முன்னால் நின்ற சிறுமி பொறுமையாக விளக்கினாள்.

"எங்களுக்கு யாருமே தப்புப் பண்ண மாட்டேங்கிறாங்க டீச்சர். பண்ணினாத்தானே மன்னிக்க முடியும்?"

எல்லாம் டீச்சர் இழுத்துவிட்டுக்கொண்ட வேலை. மார்க்கே இல்லாத பாடத்துக்கு ஒரு பீரியடு எதற்கு என்று பெற்றோர் கூட்டத்தில் யாரோ கேட்டுவிட, தலைமை சிஸ்டர் வேதபாடத்துக்கும் மார்க் போடச் சொல்லிவிட்டார். எழுத்துக்கு ஐம்பது, செய்முறைக்கு ஐம்பது. அறிவியல் டீச்சருக்கென்ன, ஒரு விதையை முளைக்க வைத்துக் காட்டிவிடுவார். வேதபாடத்தில் எதை முளைக்க வைப்பது?

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு டீச்சர் கண்டுபிடித்ததுதான் மன்னிப்பு நோட்டு. தேதி, நடந்த தப்பு, செய்தவர் பெயர். பொய்க்கணக்கு எழுதாமலிருக்க, கடைசிக் கட்டத்தில் தப்புச் செய்தவரின் கையெழுத்து. ஆளுக்குப் பத்து மன்னிப்பு. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார்.

கேட்டு வாங்கிய அடி செல்லாது, நிஜமான தப்பாக இருக்க வேண்டும் என்று டீச்சர் அன்றைக்கே சட்டம் போட்டார்.

மறுநாள் நிஜமான தப்புகள் நடந்தன. ஒருத்தியின் ஷூவுக்குள் தண்ணீர். ஒருவனின் பையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டிருந்தார்கள், அவிழ்க்க அரைமணி நேரம் ஆனது. சரி, மன்னிப்புக் கேட்பவர்களுக்கும் மார்க் உண்டு என்று டீச்சர் சட்டத்தைத் திருத்தினார். நல்ல எண்ணம்தான். அதன் பிறகு பாதி வகுப்பு தப்புச் செய்வதையே தொழிலாக எடுத்துக்கொண்டது.

புதன்கிழமை ஒரு அம்மா வந்து, தன் மகளுக்கு மன்னிப்பில் ஏன் நாலு மார்க் என்று கேட்டார். "வீட்ல தம்பியைத் தினமும் மூணு தடவை மன்னிக்கிறா டீச்சர். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியலைன்னா இவ என்ன பண்ணுவா?"

டீச்சர், தம்பியின் கைநாட்டுப் போதும் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று மதியம் வகுப்பை அமைதிப்படுத்த அவருக்கு ஒரு யோசனை வந்தது. தானும் ஒரு நோட்டு வைத்து எழுதிக் காட்டினால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ் டிரைவரை மன்னித்தேன் என்று எழுதினார். குழம்பைக் குறை சொன்ன கணவரை மன்னித்தேன் என்று எழுதினார். முன்வரிசைச் சிறுமி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"இதெல்லாம் செல்லாது டீச்சர். உங்களுக்கு நிஜமாவே கோவம் வந்ததை எழுதுங்க. கையெழுத்தும் வாங்கிட்டு வரணும்."

முப்பத்தெட்டு பிள்ளைகளும் ஆமாம் என்றார்கள். வால் மட்டும், வேண்டுமானால் தான் உதவுவதாகச் சொன்னான்.

டீச்சருக்கு நிஜமாகவே கோபம் வந்தது வாழ்க்கையில் ஒரே ஒருவர் மீதுதான். கணக்கு டீச்சர் மீது. இரண்டு வருடத்துக்கு முன் வேதபாடத்தின் புதன்கிழமை முதல் பீரியடு கணக்குக்குப் போய்விட்டது. பிள்ளைகள் தூங்கி எழுந்த முகத்தோடு கதை கேட்க உட்காரும் பீரியடு அது. வாரம் முழுக்க அவர் காத்திருந்ததும் அதற்காகத்தான். புதிய கால அட்டவணையைப் பார்த்த நாளிலிருந்து அவர் கணக்கு டீச்சரோடு பேசவில்லை. காரணத்தை யாரிடமும் சொல்லவுமில்லை. சொன்னால் அது புறம்பேசுவதாகிவிடும் என்று மனதுக்குள்ளேயே வைத்துப் பத்திரமாக வளர்த்தார்.

ஆசிரியர் அறையில் இருவருக்கும் ஒரே மேசை. நடுவில் சாக்பீஸ் பெட்டி. கணக்கு டீச்சர் வந்ததும் வணக்கம் சொல்வார், இவர் ஜன்னலைப் பார்ப்பார். டஸ்டர் வேண்டுமென்றால் ஆயாம்மாவைக் கூப்பிட்டு, "அவங்ககிட்ட அந்த டஸ்டரைக் கேளுங்க" என்பார். இரண்டடி தூரத்திலிருக்கும் டஸ்டரை எடுத்துக் கொடுக்க ஆயாம்மா வராந்தாவின் கோடியிலிருந்து நடந்து வருவார்.

அன்றிரவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் டீச்சருக்கு உறைத்தது. பத்து வயதுப் பிள்ளைகளிடம் ஆளுக்குப் பத்துக் கேட்டுவிட்டு, தன்னால் ஒன்றைக்கூடக் கொடுக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளரைச் சமாளித்துவிடலாம். அந்த முப்பத்தெட்டு முகங்களின் முன் நின்று இனி மன்னிப்பு என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை கடைசி மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்குப் போனார். கணக்கு டீச்சர் தனியாக உட்கார்ந்து வகுத்தல் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த நீண்ட பேச்சு தொண்டைக்கு வந்தபோது இரண்டு வரியாகச் சுருங்கிவிட்டது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என்னோட புதன்கிழமை பீரியடை எடுத்துக்கிட்டீங்க டீச்சர். அதுக்காக நான் உங்களை மனசார மன்னிச்சுட்டேன்."

கணக்கு டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் நீட்டியிருந்த நோட்டையும், அதில் எழுதியிருந்த தன் பெயரையும் பார்த்தார்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

தப்புச் செய்தவர் கையெழுத்து என்ற கட்டத்தை இவர் காட்டினார். கணக்கு டீச்சர் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் எழுதினார். பிறகு சாக்பீஸ் பெட்டியை இவர் பக்கம் நகர்த்திவைத்து, நாளைக்கு முதல் பீரியடு தனக்கில்லை, மேற்பார்வையாளர் வரும்போது கூட இருக்கட்டுமா என்று கேட்டார். வேதபாட டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இருங்கள் என்றார்.

வெளியே வந்தபோது உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. வராந்தாவில் வகுப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்த ஆயாம்மாவை நிறுத்தி, இனிமேல் டஸ்டருக்காக நடக்க வேண்டாம் என்று நல்ல செய்தி சொன்னார். இரண்டு வருடம் அடக்கி வைத்திருந்த காரணத்தையும், இனிப் புறம்பேசுவதாகாது என்பதால், ஒன்றுவிடாமல் சொன்னார். கணக்கு டீச்சர் எவ்வளவு பெரிய தப்பைச் செய்தார், அதைத் தான் எப்படி மன்னித்தார் என்று நோட்டைப் பிரித்துக் கையெழுத்தையும் காட்டினார்.

ஆயாம்மா சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்காகவா பேசாம இருந்தீங்க? 'அவங்க சம்மதிச்சாத்தான் அந்தப் பீரியடு எனக்கு வேணும்'னு கணக்கு டீச்சர் சொல்லித்தானே, சிஸ்டர் சுற்றறிக்கை நோட்டை உங்ககிட்ட குடுத்துவிட்டாங்க. நான்தானேம்மா கொண்டாந்தேன். கடல் ரெண்டாப் பிளக்கிற கதை சொல்லிக்கிட்டிருந்தீங்க, ஒரு கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே."